யூனியன் உள்ள ட்ரக் கம்பனி கூப்பிடுகிறது, போகலாமா?

ஸ்கார்பரோவிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்:

"அண்ணா, எனக்கு 34 வயது. பெரிய ட்ரெய்லர் ஓட்டும் ஏஸெட் லைசன்ஸ் எடுத்து நாலு வருடம். பிரம்டனில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் கம்பனிக்கு அமெரிக்கா ஓடுகிறேன். ட்ரக் அவருடையது. தொடங்கும்போதே 'உன்ர பெயரில ஒரு கோப்பரேஷன் திற, வரி பிடிக்காமல் முழுக் காசும் தருவன்' என்றார், திறந்தேன். மைல் கணக்கில் காசு, கிழமைக்கு ஏறக்குறைய 1,700 டொலர் வரும். ஞாயிறு வெளிக்கிட்டால் வெள்ளி இரவுதான் வீடு. இப்போது மிசிசாகாவில் டீம்ஸ்டர்ஸ் என்ற ட்ரக் தொழிலாளர் யூனியன் உள்ள ஒரு பெரிய கம்பனி கூப்பிடுகிறது. மணித்தியாலத்துக்கு 31 டொலர், மொன்ட்ரியல் பக்கம் இரவு ஓட்டம். ஆனால் ஸ்பெயர் போர்ட், அதாவது கூப்பிட்டால்தான் வேலை, நிரந்தர ரன் எப்போது கிடைக்கும் என்று சொல்கிறார்கள் இல்லை. மனைவிக்கு இன்னும் நாலு மாதத்தில் குழந்தை பிறக்கும். மச்சான் போ என்கிறான். கூட ஓடுகிறவர்கள் 'யூனியன் என்றால் சந்தாவும் ஸ்ட்ரைக்கும்தான், நல்லா வேலை செய்கிறவனுக்கு அங்கே மரியாதை இல்லை' என்கிறார்கள். முதலாளியின் முகத்தில் எப்படி முழிப்பது என்பது வேறு. என்ன செய்யலாம்?"

தம்பி, என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: முதல் ஒரு வருடம் கிழமைக்குக் கிழமை ஏறி இறங்கும் சம்பளத்தை உங்கள் வீடு தாங்கும் என்றால் போங்கள். நானும் ட்ரக் ஓடி, வேலையிடத்தில் யூனியனின் பிரதிநிதியாக, அதாவது ஸ்டூவர்டாக இருந்து, இப்போது வேலைச் சட்ட ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறவன், அதனால் என் பேச்சில் யூனியன் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு வாசியுங்கள்.

நீங்கள் கேட்டது யூனியன் நல்லதா கெட்டதா என்று. எனக்கு உங்கள் கடிதத்தில் அதைவிடப் பெரிதாகத் தெரிவது அந்தக் கோப்பரேஷன்தான். ட்ரக் முதலாளியுடையது, லோட் அவர் தருவது, எப்போது எங்கே போக வேண்டும் என்று சொல்வதும் அவர். அப்படியென்றால் நீங்கள் என்ன வியாபாரம் செய்கிறீர்கள்? இங்கே ட்ரக் உலகத்தில் இதற்கு 'ட்ரைவர் இன்க்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மாகாண எல்லை, நாட்டு எல்லை தாண்டி ஓடும் கம்பனிகள் கனடா தொழிலாளர் சட்டத்துக்குக் கீழ் வருகின்றன. பொறுப்பைத் தட்டிக்கழிக்கத் தொழிலாளியைத் தொழிலாளி இல்லை என்று காட்டுவதை அந்தச் சட்டம் 2021 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. 2024இல் அதை இன்னும் இறுக்கி, காசு வாங்கி வேலை செய்கிறவர் தொழிலாளிதான், இல்லையென்றால் அதை முதலாளிதான் நிரூபிக்க வேண்டும் என்று ஆக்கினார்கள்.

வரிப் பக்கம் அதைவிட மோசம். உங்கள் நிலைமையில் இருக்கும் கோப்பரேஷனை வரித் திணைக்களம் 'பெர்சனல் சேர்விசஸ் பிசினஸ்' என்று வைத்தால், ஒன்ராறியோவில் சின்ன வியாபாரத்துக்குரிய குறைந்த வரி போய் 44.5 சதவீதம் வரும். போன், சாப்பாடு, கார் என்று எழுதிய செலவுகளில் பெரும்பாலானவையும் வெட்டுப்படும். முழுவதையும் சம்பளமாக எடுத்துவிட்டால் அந்த வரியிலிருந்து தப்பலாம், ஆனால் அப்போது கனடா ஓய்வூதியத் திட்டமான சிபிபியின் இரண்டு பங்கையும், முதலாளி பங்கையும் தொழிலாளி பங்கையும், நீங்களே கட்ட வேண்டும். உங்கள் கணக்காளர் இதையெல்லாம் சொன்னாரா தெரியாது. சொல்லாவிட்டால் இந்த மாதமே போய்க் கேளுங்கள், வேலை மாறினாலும் மாறாவிட்டாலும்.

1,700 டொலரை மணித்தியாலத்தால் பிரித்துப் பார்த்தீர்களா? ஞாயிறு முதல் வெள்ளி வரை ஓட்டம், எல்லையில் காத்திருப்பு, குடோன் வாசலில் சரக்கு ஏற்றி இறக்கும் டொக் கிடைக்கும்வரை காத்திருப்பு, ட்ரக் பரிசோதனை எல்லாம் சேர்த்துக் கிழமைக்கு 65, 70 மணித்தியாலம் வராமல் இருக்காது. 68 என்று வைத்தால் மணித்தியாலத்துக்கு 25 டொலர். அதில் விடுமுறைக் காசு இல்லை, வருடத்தின் 10 பொது விடுமுறை நாட்களுக்குக் காசு இல்லை, காய்ச்சல் வந்து படுத்தால் ஒன்றும் இல்லை. மறுபக்கம் 31 டொலர், 45 மணித்தியாலம் கிடைத்தால் 1,395. வரி பிடித்துக் கையில் வரும் தொகையைப் பார்த்தால் முதலில் மனம் உடைந்துதான் போகும், ஏனென்றால் இப்போது நீங்கள் வரியைப் பிறகு கட்டுகிறீர்கள், அல்லது கட்டாமல் தள்ளிப்போடுகிறீர்கள். ஆனால் அங்கே சிபிபியில் பாதி கம்பனி கட்டும். சம்பளத்தோடு வருடத்துக்கு 10 நாள்வரை சுகவீன விடுப்பும் உண்டு, 30 நாள் வேலை செய்ததும் முதல் 3 நாள், பிறகு மாதத்துக்கு ஒன்றாகச் சேரும். இதுவும் விடுமுறைக் காசும் யூனியன் வாங்கித் தந்தவை இல்லை, கனடா தொழிலாளர் சட்டத்துக்குக் கீழ் வரும் எல்லாத் தொழிலாளிக்கும் உள்ளவை. உங்களுக்கு இப்போது கிடைக்காமல் இருப்பது அந்தக் கோப்பரேஷனால்.

குழந்தை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கடிதத்தில் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். சொந்தக் கோப்பரேஷனில் 40 சதவீதத்துக்கு மேல் பங்கு உங்களுடையது என்றால் அங்கே வாங்கும் சம்பளத்துக்கு ஈஐ என்ற வேலைக் காப்புறுதி இல்லை. ஈஐ இல்லையென்றால், சுயதொழில்காரருக்கான ஈஐ திட்டத்தில் முன்கூட்டியே தனியாகப் பதிந்திருந்தாலொழிய, தகப்பனுக்குரிய பெற்றோர் விடுப்புக் காசும் இல்லை. சாதாரண திட்டத்தில் பெற்றோர் காசு தாய்க்கும் தகப்பனுக்கும் சேர்த்து 40 கிழமை, ஆனால் ஒருவர் 35க்கு மேல் எடுக்க முடியாது, அதாவது மற்றவர் எடுக்காவிட்டால் 5 கிழமை சும்மா போய்விடும். அதற்குத் தகுதி பெற 600 மணித்தியாலம் ஈஐ கட்டி வேலை செய்திருக்க வேண்டும். கிழமைக்கு 40 மணித்தியாலம் கிடைத்தால் 15 கிழமை. குழந்தை பிறந்து 52 கிழமைக்குள் எடுத்தால் போதும் என்பதால், ஸ்பெயர் போர்டில் மெதுவாக நேரம் சேர்ந்தாலும் உங்களுக்குப் போதிய அவகாசம் இருக்கிறது. இரண்டு மாதம் யோசித்துவிட்டுச் சேர்ந்தால் அந்த அவகாசம் அவ்வளவுக்குக் குறையும்.

சரி, இப்போது யூனியன். சந்தா பற்றிப் பயமுறுத்துகிறவர்கள் தொகையைச் சொல்வதில்லை. டீம்ஸ்டர்ஸில் வழக்கமான கணக்கு மாதத்துக்கு இரண்டரை மணித்தியாலச் சம்பளம். 31 டொலருக்கு 77 டொலர் 50 சதம். அதை வரிக் கணக்கில் 21200ஆம் வரியில் முழுதாகக் கழிக்கலாம். சேரும்போது ஒரு தடவை கட்டும் நுழைவுக் கட்டணம் உங்கள் லோக்கலில், அதாவது யூனியனின் உள்ளூர்க் கிளையில், எவ்வளவு என்று கேளுங்கள், தவணையில் பிடிப்பார்களா என்றும். "யூனியனில் சேராமல் வேலை மட்டும் செய்யலாமே" என்று யாராவது சொன்னால் அது அமெரிக்காவில் சில மாநிலங்களின் கதை. இங்கே 1946இல் விண்ட்சர் ஃபோர்ட் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு நீதிபதி ராண்ட் தந்த தீர்ப்பின் வழி, ஒப்பந்தத்தின் பலனை அனுபவிக்கிற எல்லோரும் சந்தா கட்டுவதுதான் நடைமுறை. டீம்ஸ்டர்ஸில் மாஃபியா புகுந்திருந்த கதையும் அங்கே இங்கே கேட்டிருப்பீர்கள். அது சும்மா வந்த பேச்சில்லை, அமெரிக்க அரசு 1989இல் அந்த யூனியனை நீதிமன்ற மேற்பார்வைக்குக் கீழ் கொண்டுவந்து முப்பது வருடம் வைத்திருந்தது. ஆனால் மிசிசாகாவில் உங்கள் ரன்னை யார் எடுப்பது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டியது ஸ்பெயர் போர்டுக்குத்தான். இந்த வகைக் கம்பனிகள் பல வாடிக்கையாளரின் சின்னச் சின்னச் சரக்கை ஒரே ட்ரெய்லரில் அடைத்து, இரவில் டெர்மினலுக்கு டெர்மினல் அனுப்பி, பகலில் ஊருக்குள் பிரித்துக் கொடுக்கின்றன. இரவு ஓட்டம் லைன்ஹோல். மிசிசாகாவிலிருந்து வெளிக்கிட்டு 401 நெடுஞ்சாலையில் கிங்ஸ்டன் பக்கம் மொன்ட்ரியல் ட்ரைவரைச் சந்தித்து, ட்ரெய்லரை மாற்றிக்கொண்டு திரும்பி, விடியும்போது வீட்டுக்கு வருவது மாதிரியான ரன்கள். அவற்றை வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ தடவை 'பிட்' போட்டு எடுப்பார்கள், சீனியோரிட்டி கூடியவர், அதாவது முதலில் சேர்ந்தவர், முதலில் தேர்ந்தெடுப்பார். எல்லோரும் எடுத்து மிஞ்சியதும் லீவில் போகிறவர்களின் இடமும்தான் ஸ்பெயர் போர்டுக்கு வரும். போன் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. கோடையில் மூத்தவர்கள் எல்லாம் விடுமுறையில் போகும்போது நித்திரை கொள்ள நேரம் இருக்காது, ஜனவரி, பெப்ரவரியில் சரக்குக் குறைந்தவுடன் கிழமைக்கு மூன்று நாள்கூடக் கிடைக்காமல் போகலாம். மத்தியானம் நித்திரை கொண்டுவிட்டு இரவு எட்டுக்கு எழும்பி, போன் வரவில்லையே என்று இருப்பதற்கு ஒரு தனிப் பொறுமை வேண்டும், அதுவும் கைக்குழந்தை உள்ள வீட்டில்.

ஆகவே ஆட்சேர்ப்புக்காரரிடம் "நிரந்தர ரன் எப்போது" என்று கேட்காதீர்கள், அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் உறுதி தர முடியாது. ஸ்பெயர் போர்டில் இப்போது எத்தனை பேர், அதில் மேலே இருப்பவர் எந்த வருடம் சேர்ந்தவர், போன வருட பிட்டில் கடைசி ரன்னை எடுத்தவர் எப்போது சேர்ந்தவர், அடுத்த மூன்று நாலு வருடத்தில் எத்தனை பேர் பென்சன் எடுக்கும் வயதில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். சீனியோரிட்டிப் பட்டியல் பெரும்பாலும் டெர்மினல் சுவரிலேயே தொங்கும். அதன் மேல்பாதி முழுக்க அறுபது வயதுக்காரர்கள் என்றால் நல்ல செய்தி. எல்லோரும் உங்கள் வயது என்றால் பத்து வருடமானாலும் நீங்கள் நடு இரவு ட்ரைவர்தான். கிழமைக்குக் குறைந்தபட்ச மணித்தியால உத்தரவாதம் ஸ்பெயர் ஆட்களுக்கும் உண்டா என்று பாருங்கள், சில ஒப்பந்தங்களில் அது பிட் எடுத்தவர்களுக்கு மட்டும். 31 டொலர் முழு ரேட்டா, படிப்படியாக ஏறும் ரேட்டின் முதல் படியா என்பதும் முக்கியம். சீனியோரிட்டித் தேதி வேலையில் சேர்ந்த நாளிலிருந்தா, பகுதிநேரம் முடிந்து முழுநேரம் ஆன நாளிலிருந்தா? இந்த ஒரு கேள்வியில் ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கூட ஓடுகிறவர்கள் சொன்னது பாதி உண்மை என்று ஒத்துக்கொள்கிறேன். அங்கே நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதற்கு ரன் கிடைக்காது, தேதிக்குத்தான் கிடைக்கும். அரைமனதோடு வேலை செய்கிற ஒருவர் உங்களுக்கு ஒரு கிழமை முன்னர் சேர்ந்த ஒரே காரணத்தால் நல்ல ரன்னை எடுத்துக்கொண்டு போவார், அது எரிச்சல்தான். ஆனால் லோட் பிரித்துக் கொடுக்கும் டிஸ்பாச்சருக்குக் கிறிஸ்மஸுக்கு விஸ்கிப் போத்தல் கொடுத்து நல்ல லோட் வாங்கும் வேலையும் அங்கே இல்லை. இந்த இரண்டில் எது உங்கள் குணத்துக்குச் சரி என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

ஓவர்டைம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எங்கள் தொழிலுக்குத் தனி விதி: நகர ட்ரைவர் என்றால் நாளுக்கு 9, கிழமைக்கு 45 மணித்தியாலத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு, நெடுஞ்சாலை ட்ரைவர் என்றால் கிழமைக்கு 60க்கு மேல்தான். நகர ட்ரைவர் யார்? டெர்மினலிலிருந்து 10 மைல் சுற்றுக்குள் மட்டும் ஓடுகிறவர். மிசிசாகாவிலிருந்து ஸ்கார்பரோவுக்குப் போனாலே அந்த வட்டம் தாண்டிவிடும். ஆனால் யூனியன் ஒப்பந்தத்தில் நகர ட்ரைவர் என்று வகைப்படுத்தியிருந்தால் வட்டம் தாண்டினாலும் அவர் நகர ட்ரைவர்தான் என்று அதே விதியில் எழுதியிருக்கிறது. ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு சொல் கிழமைக்கு எத்தனை டொலர் என்று பாருங்கள். லைன்ஹோலில் தொடங்கினாலும் பின்னாளில் பகல் வேலைக்கு பிட் போடும்போது இது நினைவிருக்கட்டும்.

ஸ்ட்ரைக்குக்கு வருவோம். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை வேலைநிறுத்தம் செய்வது சட்டப்படி முடியாது. முடிந்த பிறகும் ரகசிய வாக்கெடுப்பு நடத்தி, 72 மணித்தியால முன்னறிவித்தல் கொடுத்துத்தான் இறங்கலாம். தொழிலாளிகளை உள்ளே விடாமல் கம்பனி கதவை மூடுவதற்கும் அதே 72 மணித்தியாலம். 2025 ஜூன் 20 முதல் கூட்டாட்சிச் சட்டத்துக்குக் கீழ் உள்ள இடங்களில் வேலைநிறுத்தக்காரரின் வேலையைச் செய்ய வெளியாட்களைக் கொண்டுவருவதும் சில விதிவிலக்கோடு தடை, அதனால் யூனியனின் கை முன்பைவிடப் பலம். ஸ்ட்ரைக் நாட்களில் ஈஐ கிடையாது, யூனியன் தரும் ஸ்ட்ரைக் படிக்காசு மட்டும்தான், அது வீட்டு மோர்ட்கேஜுக்குப் போதாது. ஆகவே ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். அடுத்த வருடம் முடிகிறது என்றால் கையில் மூன்று மாதச் செலவு இல்லாமல் போகாதீர்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு, அதைப் பற்றி உங்கள் நண்பர்கள் யாரும் பேசவில்லை. சீனியோரிட்டியை இன்னொரு கம்பனிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பத்து வருடம் இருந்த பிறகு நல்ல ரன், ஐந்து கிழமை விடுமுறை, பென்சன் எல்லாம் அந்த ஒரு கம்பனியோடு கட்டுண்டிருக்கும். அது விழுந்தால் வேறு இடத்தில் மறுபடியும் ஸ்பெயர் போர்டின் அடியிலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்காவில் யெல்லோ என்ற ட்ரக் கம்பனிக்கு நடந்ததைப் பாருங்கள். 1924இல் தொடங்கியது, 2023 ஜூலை 30இல் ஓட்டத்தை நிறுத்தி, ஆகஸ்ட் 6இல் திவால் மனு போட்டது. ஏறக்குறைய 30,000 பேர் வேலை இழந்தார்கள், அதில் சுமார் 22,000 பேர் டீம்ஸ்டர்ஸ். கடன் எடுத்துப் போட்டிக் கம்பனிகளை விலைக்கு வாங்கியதில் தொடங்கிய சிக்கல். 2009 அளவில் தொழிலாளிகள் சம்பளத்தில் 15 சதவீதம் விட்டுக்கொடுத்தார்கள், 2020இல் அரசாங்கம் 700 மில்லியன் டொலர் கடன் கொடுத்தது, அப்படியும் நிற்கவில்லை. யூனியன் பிடிவாதம்தான் காரணம் என்று கம்பனி சொன்னது, நிர்வாகம்தான் தின்றது என்று யூனியன் சொன்னது. யார் சொன்னது சரி என்றாலும் இருபது வருட சீனியோரிட்டி உள்ளவருக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஆகவே யூனியனைவிடக் கம்பனியைப் பாருங்கள். முற்றத்தில் நிற்கும் ட்ரக் எந்த வருடத்து மொடல், ட்ரெய்லர் டயர் எப்படி, போன வருடம் டெர்மினல் எதையாவது மூடினார்களா, வேலை குறைந்து லே-ஓஃப் என்று நிறுத்தி வைத்தவர்களைத் திருப்பிக் கூப்பிட்டார்களா. இதையெல்லாம் மதிய உணவு அறையில் ஒரு மணித்தியாலம் இருந்தால் தெரிந்துவிடும், பஞ்சாபி ட்ரைவர்களிடம் கேளுங்கள், கம்பனிக் கதை முழுக்க அவர்களிடம் இருக்கும். இரண்டு வருடத்துக்குள் சேர்ந்த ஒரு ஆளைப் பிடித்து, போன பெப்ரவரியில் எத்தனை மணித்தியாலம் கிடைத்தது என்று மட்டும் கேளுங்கள். இருபது வருடக்காரர் தருகிற பதில் உங்களுக்கு உதவாது, அவர் வேறு ஒரு வேலையில் இருக்கிறார்.

யூனியன் ஸ்டூவர்ட் என்ன செய்வார், என்ன செய்யமாட்டார் என்பதிலும் தெளிவாக இருங்கள். தகுதிகாண் காலத்தில் உங்களை நிறுத்தினால் அவரால் அனேகமாக ஒன்றும் செய்ய முடியாது, அந்த நாட்களில் பிந்தி வராதீர்கள், ட்ரெய்லரை இடிக்காதீர்கள். அது முடிந்த பிறகு காரணமில்லாமல் நிறுத்தினால் முறைப்பாடு எழுதி, நடுவர்வரை கொண்டுபோவார்கள், அது மாதக்கணக்கில் இழுக்கும். உங்களுக்காக யூனியன் நேர்மையாக வாதாடவில்லை என்றால் யூனியனுக்கு எதிராகவே கனடா தொழிலுறவுச் சபையில் முறையிடலாம், 90 நாளுக்குள்.

பென்சன் எந்த வகை என்று கேளுங்கள்: ஓய்வில் மாதம் இவ்வளவு என்று உறுதி சொல்லும் திட்டமா, சும்மா ஆர்ஆர்எஸ்பி என்ற குழு ஓய்வுச் சேமிப்புக் கணக்கா. மருந்து, பல் வைத்தியக் காப்புறுதி எத்தனை நாளில் தொடங்கும் என்றும், பிறக்கப்போகும் பிள்ளையை எத்தனை நாளுக்குள் பதிய வேண்டும் என்றும் கேட்டு எழுதி வையுங்கள்.

முதலாளி விஷயம். ஊர்க்காரர், முதல் வேலை தந்தவர், அவரிடம் நன்றி இருப்பது நல்லதுதான். ஆனால் அந்த நன்றிக்கு நாலு வருடம் ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிட்டு ஓடிவிட்டீர்கள். நேரில் போய்ச் சொல்லுங்கள், டிஸ்பாச்சர் மூலம் தெரியவரக் கூடாது. குழந்தை வருகிறது, ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வர வேண்டும் என்ற காரணம் போதும், ஈஐ, வரி என்று அவரோடு வாதாடப் போகாதீர்கள். இரண்டு கிழமை முன்னறிவித்தல் எழுத்தில் கொடுங்கள், புதிய கம்பனியின் வேலைக் கடிதம் கையில் வந்த பிறகு. கடைசி ஓட்டத்துக்கான காசும், பிடித்து வைத்திருக்கும் முற்பணம் ஏதும் இருந்தால் அதுவும் எந்தத் தேதியில் வரும் என்று அதே நாளில் பேசி முடியுங்கள். கோப்பரேஷனை உடனே மூடாதீர்கள், கணக்காளரிடம் கடைசி வருடக் கணக்கை முடித்த பிறகு மூடலாம்.

அந்தக் கம்பனியின் ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். ஆட்சேர்ப்பில் தராவிட்டால் லோக்கல் அலுவலகத்தில் கேளுங்கள், அங்கேயும் இழுத்தடித்தால் கூட்டாட்சித் தொழில் திணைக்களத்தின் நெகோடெக் இணையத்தளத்தில் கம்பனிப் பெயரைப் போட்டுத் தேடுங்கள், ஒப்பந்தங்கள் அங்கே பதிவாகும், யாரும் இலவசமாகப் பார்க்கலாம். சீனியோரிட்டி, மணித்தியால உத்தரவாதம், லே-ஓஃப், முடிவுத் தேதி, இந்த நாலு பகுதியை மட்டும் வாசித்து, விளங்காத பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். நேர்முகத்துக்குப் போவதற்கு முந்தின நாள் அனுப்பாமல் கொஞ்சம் முன்னரே அனுப்பினால் நல்லது.